மூன்றாவது சிப்பைப் பொருத்துவதற்கு முன்

பாளையங்கோட்டை

அன்புள்ள மகளுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டதால் பாளையங்கால்வாய் நிறைந்து ஓடுகிறது, பிசானப் பருவ நெல் நடவு வேலையும் தொடங்கிவிட்டது.

பவர் ஆம்ப்ளிஃபயருக்கு பயாஸ் (அதன் வேலைநிலையை அமைக்கும் வோல்ட்டேஜ்) கொடுக்கும் டாக் சிப்பை, அதாவது எண்ணை வோல்ட்டேஜாக மாற்றும் சிப்பை, இரண்டு முறை மாற்றியும் ஐடில் கரண்ட் (சிக்னல் இல்லாதபோது ஓடும் கரண்ட்) ஒரு நிலையில் நிற்கவில்லை என்றும், மூன்றாவது சிப்பைக் கேட்டு எழுதியிருப்பதாகவும் நேற்றிரவு போனில் சொன்னாய். அதைக் கேட்டது முதல் என் மனம் அந்தப் போர்டைச் சுற்றியே இருக்கிறது. நீ மாற்றிய இரண்டு சிப்பும் நல்லவையாகவே இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எதைத் தொடுவதற்கு முன்னும் ட்ரெயின் சப்ளையை (டிரான்சிஸ்டரில் முக்கியக் கரண்ட் போகும் காலுக்கான சப்ளை) கழற்றி வைத்துவிடு. உன் போர்டில் இருப்பது காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர். கேட்டில், அதாவது கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் காலில், நெகட்டிவ் வோல்ட்டேஜ் இல்லாவிட்டால் அது முழுவதும் திறந்தே கிடக்கும். மடைப்பலகையைப் போடாமல் அணைத் தண்ணீரைத் திறந்துவிட்டால் வயலுக்கு என்ன ஆகுமோ, கேட் தயாராகும் முன் 50 வோல்ட் ட்ரெயினுக்குப் போனால் அதற்கும் அதுவே ஆகும். ஆகவே கேட் முதலில், ட்ரெயின் பிறகு. அணைக்கும்போது ட்ரெயின் முதலில், கேட் கடைசியில். இந்த ஒன்றில் மட்டும் அவசரம் காட்டாதே, அம்மா கெஞ்சிக் கேட்கிறேன்.

ட்ரெயின் கழன்ற நிலையில், சிப்பின் கால்களிலேயே மீட்டர் முனையை வைத்து, பாசிட்டிவ் சப்ளை, நெகட்டிவ் சப்ளை, ரெஃபரன்ஸ் (ஒப்பீட்டு வோல்ட்டேஜ்) ஆகிய மூன்றையும் அளந்து எழுதிக்கொள். டெஸ்ட் பாயிண்டில் சரியாகக் காட்டும் வோல்ட்டேஜ் காலுக்கு வந்து சேராமல் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நெகட்டிவ் வோல்ட்டேஜும் தரும் சில சிப்புகளில் அடிப்புறத்து உலோகத் தகடு கிரவுண்டோடு சேரக்கூடாது. அது நெகட்டிவ் சப்ளையோடு சேர வேண்டியது. போர்டு வரைந்தவர் அதைக் கவனித்தாரா என்றும் டேட்டாஷீட்டை வைத்து ஒருமுறை பார்த்துவிடு.

அடுத்து, எஸ்.பி.ஐ. (சிப்போடு பேசும் தொடர்புக் கம்பிகள்) வழியாகச் சிப்பின் அடையாள ரெஜிஸ்டரை, அதாவது அதன் அடையாள எண் இருக்கும் உள் நினைவிடத்தை, படித்துப் பார். சரியான எண் வந்தால் பேச்சுவார்த்தை நன்றாக நடக்கிறது என்று பொருள். எழுதிய எண் ரெஜிஸ்டரில் இருந்தும் வெளியே வோல்ட்டேஜ் மாறவில்லையென்றால் பதறாதே. ஏ.எம்.சி.7836 போன்ற சிப்புகளில் நாம் எழுதுவது முதலில் ஒரு இடைநிலை ரெஜிஸ்டரில்தான் தங்கும். அப்டேட் கட்டளை போனால்தான் வெளியே வரும். வெப்பநிலை அலாரம் அடித்திருந்தாலும் சிப் தானாகவே வெளியீட்டைப் பாதுகாப்பான நிலைக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளலாம். அது ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்றுகிறது. நாமோ அதைப் பழுது என்று நினைத்துச் சிப்பைப் பிடுங்கிவிடுகிறோம்.

பிறகு கேட் பாதையைப் பிரித்துவிட்டு, சிப்பை மட்டும் சோதித்துப் பார். 12 பிட் என்றால் 4096 படிகள். 10 வோல்ட் ரேஞ்சில் ஒரு படி சுமார் 2.44 மில்லிவோல்ட். அடி, நடு, உச்சி என மூன்று எண்களை எழுதி, கணக்குப்படி வோல்ட்டேஜ் வந்துவிட்டால் சிப்பின் மேல் குற்றமில்லை. கேட்டைச் சேர்த்ததும் அது மாறினால், கோளாறு சிப்புக்கு வெளியே இருக்கிறது.

இந்த இடத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். சர்வீஸ் பெஞ்சில் இருந்த காலத்தில் ஒரு போர்டுக்கு நானும் உன்னைப் போலவே சிப் மாற்றினேன், அதுவும் மூன்று முறை. மல்டிமீட்டர் மைனஸ் 3.1 வோல்ட் என்று அசையாமல் காட்டிக்கொண்டிருந்தது, கரண்ட் மட்டும் அலைந்துகொண்டிருந்தது. நான்காம் நாள் மாலையில்தான் ஆசிலோஸ்கோப்பின் முனையை அந்தக் காலில் வைத்தேன். நேர்கோடு வரவேண்டிய இடத்தில் நெளிநெளியாக அலை ஓடியது. கேட்டில் இரைச்சலை அடக்குவதற்காகப் போட்டிருந்த பெரிய கெபாசிட்டர் டாக் வெளியீட்டோடு நேரடியாகச் சேர்ந்திருந்ததால், உள்ளே இருந்த பஃபர் (வெளியீட்டைத் தரும் சிறிய ஆம்ப்ளிஃபயர்) ஆடிக்கொண்டிருந்தது. மீட்டர் அதன் சராசரியை மட்டுமே காட்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய ரெசிஸ்டரைச் சேர்த்ததும் கோடு நேராகிவிட்டது. மாற்றிப் போட்ட மூன்று சிப்பும் நல்ல சிப்புகளே என்று அறிந்தபோது அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே மீட்டரோடு நிற்காமல் ஸ்கோப்பிலும் பார்த்துவிடு.

அலை எதுவும் இல்லையென்றால், கரண்ட்டை நீ எப்போது அளக்கிறாய் என்று யோசி. காலியம் நைட்ரைடில், பலமான ஆர்.எஃப். (ரேடியோ சிக்னல்) ஓடி நின்றவுடன் ஐடில் கரண்ட் தாழ்ந்துபோய், மெல்ல மெல்லத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். டிரான்சிஸ்டருக்குள் பொறி போன்ற இடங்களில் சிக்கிய எலக்ட்ரான்கள் விடுபட நேரம் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் அளந்து டாக் எண்ணைத் திருத்தினால், கரண்ட் மீண்டு வந்தபின் அளவுக்கு மேல் ஏறிவிடும். காலையில் வைத்தது மதியம் நகர்ந்துவிடுகிறது என்று நீ சொன்னதைக் கேட்டபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

கரண்ட்டை அளக்கும் ரெசிஸ்டரையும் பார். 10 மில்லி ஓம் ரெசிஸ்டரில் 500 மில்லி ஆம்பியருக்குக் கிடைப்பது வெறும் 5 மில்லிவோல்ட், அதில் 0.1 மில்லிவோல்ட் பிசகினால் கரண்ட் கணக்கில் 10 மில்லி ஆம்பியர் பிசகிவிடும். அளவெடுக்கும் இரண்டு கோடுகளும் ரெசிஸ்டரின் முனைகளிலிருந்தே கிளம்புகின்றனவா, அல்லது வழியில் உள்ள செம்பையும் சேர்த்து அளக்கின்றனவா என்று போர்டின் வரைபடத்தில் விரல் வைத்துத் தொடர்ந்து பார்.

நாளை இரவு போன் செய்யும்போது, சிப்பின் காலில் அளந்த மூன்று சப்ளை அளவுகளையும், கேட்டைப் பிரித்தும் சேர்த்தும் எடுத்த வோல்ட்டேஜையும், ஆர்.எஃப். நிறுத்திய உடனும் பத்து நிமிடம் கழித்தும் பார்த்த கரண்ட்டையும் எழுதி வைத்துக்கொண்டு பேசு. ஸ்கோப் திரையைப் படம் எடுத்து அப்பாவின் போனுக்கு அனுப்பு. என் போனில் எழுத்து தெளிவாகத் தெரிவதில்லை.

அன்புடன்,
அம்மா