மினி கூப்பருக்கு எந்த பிரைமர்?

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் முந்தைய கடிதத்துக்கே இன்னும் பதில் போடவில்லை. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை, மகளின் தேர்வு என்று அலைச்சல். இரண்டும் நல்லபடியாக முடிந்தன. எதிர்வீட்டு மாடியில் காயும் துணியில் கறை போகவில்லை என்று அம்மா இப்போது இங்கிருந்தே சொல்கிறார்.

நேற்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. எத்தனை காலம் ஆசைப்பட்டு வாங்கிய டாமியா கம்பெனியின் மினி கூப்பர் அது, நிஜக் காரில் 24-இல் ஒரு பங்கு அளவில் நாமே ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல்! அதன் பக்கத்தில் பெயின்ட் கடையில் வாங்கிய கார் பிரைமர் ஸ்பிரே, அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் வைத்து அடிக்கப்போகிறாயாம். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அந்த டப்பாவைத் தொடாதே.

விடுதியில் ஒரு மசால் தோசையை மூன்று பேருக்குப் பங்கிட்டுக் கணக்கு எழுதியவன் நீ. இறக்குமதி பிரைமரின் விலையைக் கேட்டால் உனக்கு வயிறு எரியும், நியாயம்தான். 180 மில்லி டாமியா டப்பாவின் விலையில் நம்மூர் 400 மில்லி டப்பாக்கள் சில வாங்கிவிடலாம். ஆனால் நம்மூர் டப்பா நிஜக் காரின் தகரத்துக்காகச் செய்தது. டிங்கரிங் முடிந்த இடத்தில் பட்டியின் கீறல்களையும் சிறு குழிகளையும் மூட வேண்டும் என்பதால் அதைத் தடிமனாகப் படியும்படி செய்கிறார்கள். உன் மினியின் கதவுக் கீலும், பாடித் தகடுகளைச் சேர்த்து வெல்டிங் செய்த விளிம்பும் வெளியே தெரியும். 1959-இல் வந்த அந்த வண்டியின் முகமே அவைதான். மாடலில் 50 மைக்ரான் தடிமனுக்குப் படிந்தால் நிஜ வண்டியில் 1.2 மில்லிமீட்டர் பூசியதற்குச் சமம். கீல் மழுங்கிப்போகும், கதவு இடுக்கு தூர்ந்துபோகும்.

அதைவிடப் பெரிய பயம் பெயின்டை நீர்க்க வைக்கும் கரைப்பான். மாடலின் பாடி பாலிஸ்டைரீன். சில கார் பிரைமர்களில் இருக்கும் டொலுவீன், அசிட்டோன் போன்றவை அதைக் கரைத்துவிடும். நம் ஸ்டூடியோ அண்ணன் ஆசையாக ஒட்டிய வண்டியின் பானெட் பொரித்த அப்பளம் மாதிரி ஆனதை நான் நேரில் பார்த்தேன். பாவம், அன்று முழுவதும் அவர் யாரிடமும் பேசவில்லை.

அதற்காக அந்த டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதே. பாகங்கள் ஒட்டிவரும் ரன்னர் என்ற பிளாஸ்டிக் சட்டம் இருக்கிறதே, அதுவும் பாடி செய்த அதே பிளாஸ்டிக்தான். அதில் மெல்லிய பூச்சாக அடித்து மறுநாள் பார். பளபளப்பு வெந்து சொரசொரப்பாகியிருந்தால் அந்த டப்பா பிளாஸ்டிக்குக்கு ஆகாது. தப்பித்தால் அதன் மேலேயே உன் சிவப்பு லாக்கரையும் (சீக்கிரம் காயும், கரைப்பான் அதிகமுள்ள பெயின்ட்) அடித்துப் பார். மலிவான டப்பாக்களில் பல மெல்ல இறுகும் எனாமல் வகை. முழுதாக இறுகாத எனாமலின் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கி எழும்பிவிடும். பிரைமர் மட்டும் நன்றாக ஒட்டியதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. உன் அலமாரியில் தூசி படிந்து நிற்கும் பழைய உலோகக் கார்களுக்கு அந்த டப்பாவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அவை துத்தநாகக் கலவையில் வார்த்தவை, கரைப்பான் அவற்றை ஒன்றும் செய்யாது. பழைய பெயின்டை உரித்துவிட்டு அவற்றில் கை பழகு.

சிக்கனம் என்றால் என் கணக்கு வேறு. சேசிஸ், இருக்கை, டேஷ்போர்டு, சக்கரம் இவற்றுக்குப் பெரும்பாலும் பிரைமரே வேண்டாம். சோப்பு நீரில் கழுவி, அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை போனதும் லாக்கர் நேராகவே ஒட்டிக்கொள்ளும். பாடிக்கு மட்டும் மாடலுக்கென்றே வரும் நைஸ் பிரைமர் போதும். டாமியாவின் ஃபைன் சர்ஃபேஸ் பிரைமரோ, மிஸ்டர் ஹாபியின் மிஸ்டர் சர்ஃபேசர் 1200 அல்லது 1500-ஓ வாங்கு. அந்த எண் ஏற ஏறப் பூச்சு நைஸாகும். மினி அளவு பாடிக்கு எவ்வளவு செலவாகும் என்கிறாய்! ஒரு டப்பா பல வண்டிகளுக்கு வரும். டப்பா விலையைப் பார்க்காமல் வண்டிக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பார், நீ மனம் இளகிவிடுவாய். என்னிடம் இருப்பதில் பாதியைத் தரலாம் என்றால், அழுத்த வாயு அடைத்த டப்பாவைத் தபாலிலும் அனுப்பக் கூடாது, ரயிலிலும் கொண்டுவரக் கூடாது. தரைவழியாக அனுப்பும் கடையாகப் பார்த்து வாங்கிக்கொள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். குளியலறை வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டில் அங்கே கேஸ் கீசர் இருக்கிறது. ஸ்பிரேயைத் தள்ளும் வாயு பெரும்பாலும் நம் அடுப்பு வாயுவின் இனம்தான். மூடிய சின்ன அறையில் ஒரு பொறி போதும். உனக்கோ இளைப்பு. அந்தக் கல்லூரிச் சுற்றுலா இரவை நான் மறக்கவில்லை. துணி முகக்கவசம் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய முகமூடிக்கு முதலில் பணம் ஒதுக்கு, பிரைமரில் மிச்சம் பிடிப்பதெல்லாம் அதற்கப்புறம். மாடியில், காற்று அதிகம் வீசாத காலையில், வெயில் ஏறுமுன் அடி. விளக்கு, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது.

இங்கே ஐப்பசி மழை விடுவதாக இல்லை, என் வேலை அப்படியே நிற்கிறது. ஈரக்காற்றில் அடித்தால் கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் நீர் படிந்து பூச்சு வெளுத்துவிடும். உங்கள் ஊரில் மழை ஓய்ந்த நாளாகப் பார்த்துக்கொள். டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வை, கொதிநீரில் வைத்துவிடாதே. உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் ஒரு நிமிடம் குலுக்கு. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பாடிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, அதைக் கடந்துபோய் விடு. முதல் பூச்சில் பிளாஸ்டிக் தெரிந்தால் தெரியட்டும், ஒரேயடியாக மூட அவசரப்படாதே. முழுதாகக் காய்ந்ததும் தூசி உட்கார்ந்த இடத்தில் மட்டும் 2000 எண் வாட்டர் பேப்பரால் (நைஸான உப்புத்தாள்) நீர் தொட்டு மெல்லத் தடவு. விளிம்புகளில் கை வைக்காதே.

சாம்பல் பிரைமரின் மேல் சிவப்பு மங்கிப்போகும். வெள்ளை வாங்கு. கூரை வெள்ளையாக வேண்டும் என்கிறாய், அதற்கும் அதுவே அடித்தளமாகும். கூரையை முதலில் முடித்து டேப் ஒட்டி மூடிவிட்டு, பிறகு சிவப்புக்குப் போ.

ரன்னர் சோதனையின் படத்தை அனுப்பு. பகல் வெளிச்சத்தில், பக்கவாட்டில் சாய்த்து எடு. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு நண்பன்