கருத்துக் கேட்பதானால் பஸ் நிறுத்தத்துக்கு வாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் மாநகரப் பேருந்துத் தடங்களை மாற்றியமைப்பது பற்றி அடிக்கடி படிக்கிறோம். மெட்ரோ இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர். மாதவரம் - சிப்காட், கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி, மாதவரம் - சோழிங்கநல்லூர் என்று மூன்று தடங்கள். இவை பகுதி பகுதியாகத் திறக்கத் திறக்க, அதே சாலையில் ஓடும் நீண்ட தூர பஸ்களைக் குறைத்துவிட்டு, ரயில் நிலையத்தில் கொண்டுவிடும் சிறிய தடங்களாக மாற்றலாம் என்ற யோசனை சொல்லப்படுகிறது. மாற்றமே கூடாது என்று சொல்ல நான் எழுதவில்லை. நகரம் வளர்ந்த திசைக்கெல்லாம் தடங்களும் வளரத்தான் வேண்டும். மாற்றுவதற்கு முன் யாரிடம், எங்கே, எத்தனை மணிக்குக் கருத்துக் கேட்கப்போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

நான் பெரும்பாக்கத்தில் குடியிருக்கிறேன். அடையாறில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. காலை 5.40 மணிக்கு நிறுத்தத்தில் நிற்பேன். எங்கள் பகுதியில் எட்டு மாடிக் குடியிருப்புகள். 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இருந்தவர்களை 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூட்டம் கூட்டமாக இங்கே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். வீடு 20 கிலோமீட்டர் தள்ளி வந்துவிட்டது. வேலை அங்கேயேதான் இருக்கிறது. இரண்டையும் இன்றுவரை சேர்த்துவைத்திருப்பது பஸ்தான்.

என்னோடு தினமும் ஏறும் ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். மந்தைவெளிப் பக்கம் நாலு வீடுகளில் வேலை செய்கிறார். கையில் ஒரு கட்டைப்பை. அதில் தூக்குவாளி, மாற்றுப் புடவை, சர்க்கரை மாத்திரை. வண்டி வந்து நின்றால் பின்படி எங்கே வரும் என்பது அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்; சரியாக அந்த இடத்தில் நிற்பார். முதல் வீட்டில் ஏழு மணிக்கு இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த வீட்டில் இரண்டு பேரும் எட்டு மணிக்கு ஆபீஸ் கிளம்புகிறவர்கள். முதல் வீட்டுக்கு இருபது நிமிஷம் பிந்தினால் நாலு வீட்டுக்கும் பிந்தும். மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டி, மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பாட்டுக்காகக் காத்திருப்பார். இத்தனையும் அந்த ஒரு வண்டியை நம்பி நடக்கிறது.

இந்தத் தடத்தைத் திருவான்மியூரோடு நிறுத்திவிட்டு, ‘அங்கிருந்து நிறைய வண்டி இருக்கிறது, மாறிக்கொள்ளுங்கள்’ என்று திட்டம் போட்டால், வரைபடத்தில் அது நன்றாகத்தான் இருக்கும். கோடுகள் குறுக்கிடாது, வண்டிகள் நெரிசலில் மாட்டாது. ஆனால் அந்தக் கட்டைப்பையோடு நிரம்பி வரும் இன்னொரு வண்டியில் ஏற முடியுமா என்பது வரைபடத்தில் தெரியாது. காசு கொடுத்துப் போகும் ஆண்களுக்கு இன்னொரு கஷ்டம். ஒரே டிக்கெட்டில் போன இடத்துக்கு இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டும். இரண்டாவது வண்டியில் கட்டணம் மறுபடி முதல் ஸ்டேஜிலிருந்து தொடங்கும்.

பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண வண்டிகளில் கட்டணம் இல்லை. எங்கள் வாழ்க்கையில் அது செய்த உதவியை நன்றியோடு சொல்கிறேன். மாதச் செலவில் மிச்சமான அந்தப் பணம் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் டியூஷன் பீஸாக ஆகியிருக்கிறது. அதனால்தான் இதையும் கவனிக்கச் சொல்கிறேன். ஒரு தடத்தில் சாதாரணக் கட்டணமான இரண்டு வெள்ளை போர்டு வண்டியை எடுத்துவிட்டு, பெண்களும் காசு கொடுக்க வேண்டிய இரண்டு டீலக்ஸ் விட்டால், கணக்கில் வண்டி எண்ணிக்கை குறையாது. அக்காவுக்கு மட்டும் வண்டி குறைந்துவிடும்.

பயணிகள் எண்ணிக்கைதான் கைவசம் இருக்கிறதே, டிக்கெட் மெஷின் எல்லாம் சொல்லுமே என்பார்கள். எந்த நிறுத்தத்தில் ஏறினார், எங்கே இறங்கினார் என்று சொல்லும், சரி. ஏற முடியாமல் நின்றுவிட்டவரை மெஷின் எப்படிச் சொல்லும்? வண்டி இல்லாததால் ஷேர் ஆட்டோவுக்குப் போனவரை? ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நேரடி வண்டி கிடையாது என்பதற்காகவே வேலையை விட்ட பெண்ணை? ‘இந்தத் தடத்தில் கூட்டம் இல்லை’ என்று எழுதும் முன், கூட்டம் ஏன் இல்லை என்று அந்தத் தெருவில் வந்து கேட்க வேண்டாமா?

சில வருஷங்களுக்கு முன் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்தத் துறை என்பது இங்கே வேண்டாம். புதன்கிழமை காலை 11 மணி, அரைநாள் சம்பளம் போயிற்று. திரையில் காட்டிய படங்கள் முழுக்க ஆங்கிலம். பேசியவர்களில் பாதிப்பேர் காரில் வந்தவர்கள். நல்ல யோசனைகள்தான் சொன்னார்கள், குறை சொல்லவில்லை. என் முறை வந்தபோது இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். நான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டார். அப்புறம் அது என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது.

புதிய மினி பஸ் திட்டத்தின் வரைவை வெளியிட்டு, 2024 ஜூலையில் தலைமைச் செயலகத்தில் கருத்துக் கேட்டார்கள். கேட்டது நல்ல காரியம். ஆனால் மினி பஸ்ஸுக்காகத் தெருமுனையில் காத்திருக்கிறவர் கோட்டை வரைக்கும் வந்து எப்படிப் பேசுவார்? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 99, 100 ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. அரசுப் போக்குவரத்துக்காக ஒரு தடத்தையோ பகுதியையோ ஒதுக்கும் திட்டமானால், அரசிதழிலும் அந்தப் பகுதியின் மொழிச் செய்தித்தாளிலும் வெளியிட வேண்டும், ஆட்சேபம் சொல்ல 30 நாள் தர வேண்டும் என்று அவை சொல்கின்றன. அதே முறையை ஒரு பஸ்ஸின் தடத்தைத் திருப்பும்போதும் வைத்துக்கொள்ளலாமே.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கிளாம்பாக்கம் இருக்கிறது. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி அந்த முனையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களுக்கான பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. நடு ராத்திரியில் குழந்தை குட்டியோடு காத்திருந்தவர்கள், ஊருக்குப் போக வண்டி போதவில்லை என்று 2024 பிப்ரவரியில் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நிலைமையைச் சரிசெய்யப் பல ஏற்பாடுகள் நடந்தன. ராத்திரி பஸ்ஸில் போகிறவர்களிடம் கோயம்பேட்டிலேயே முன்கூட்டி நாலு நாள் கேட்டிருந்தால், பாதிக்கு மேல் அப்போதே தெரிந்திருக்கும்.

சிங்கப்பூரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். செம்பவாங்கிலிருந்து புக்கிட் மேரா வரை ஓடும் 167-ஆம் எண் பஸ்ஸை, புதிய ரயில் தடம் வந்த பிறகு பயணிகள் குறைந்துவிட்டார்கள் என்று 2023 டிசம்பரில் நிறுத்துவதாக அறிவித்தார்கள். அந்த வழியில் இருக்கும் மக்கள் வேண்டாம் என்றார்கள். அதன் பிறகு முழுவதுமாக நிறுத்தாமல், அரை மணிக்கு ஒரு வண்டி என்று தொடர்ந்து ஓட்ட முடிவு செய்தார்கள். ரயில் வசதியில் நம்மைவிட எவ்வளவோ முன்னால் இருக்கும் ஊரிலேயே, ரயில் இருந்தும் ஒரு பஸ் தேவைப்படுகிறது. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி-யில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வடசென்னையில் ஏறி மயிலாப்பூரில் இறங்கும் வயதானவருக்கு, படி ஏறி, படி இறங்கி, மறுபடி மாறிப் போகும் வேகமான பயணத்தைவிட, ஜன்னலோரம் உட்கார்ந்து மெதுவாகப் போகும் ஒரே வண்டி எவ்வளவோ மேல்.

பஸ், மின்சார ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிடுவதற்காகவே அமைக்கப்பட்டது கும்டா என்னும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். அவர்களுக்கும் போக்குவரத்துத் துறைக்கும் தங்கள் இதழ் மூலமாக என் வேண்டுகோள் இது. எந்தத் தடத்தை மாற்றப்போகிறீர்களோ, அந்தத் தடத்து வண்டிக்குள்ளேயே, கண்டக்டர் சீட்டுக்குப் பின்னால், தமிழில் பெரிய எழுத்தில் ஒரு மாதம் ஒட்டிவையுங்கள். இப்போது இந்த வழி, இனி இந்த வழி, இந்த நிறுத்தங்கள் போகும், கடைசி வண்டி இத்தனை மணிக்கு என்று இருந்தால் போதும். செயலியில் கருத்துப் பதிவு செய்யச் சொல்வதோடு நிறுத்திவிட வேண்டாம். பல வீடுகளில் நல்ல போன் மகனிடம்தான் இருக்கிறது. முதல் வண்டியிலும் கடைசி வண்டியிலும் ஓர் அதிகாரி ஒரு வாரம் பயணம் செய்து பேசட்டும். டிரைவர், கண்டக்டரிடம் தனியாகக் கேளுங்கள், எந்த நிறுத்தத்தில் யார் எதற்காக ஏறுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். மாற்றத்தை முதலில் மூன்று மாதத்துக்குச் சோதனையாக ஓட்டுங்கள். எந்தக் கருத்தை ஏற்றீர்கள், எதை ஏன் ஏற்கவில்லை என்பதையும் அதே வண்டியில் ஒட்டுங்கள். எங்கள் பக்கம் கூட்டம் போடுவதானால் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, குடியிருப்புக்கு உள்ளேயே போடுங்கள். அந்த நேரத்தில்தான் எல்லாரும் வீட்டில் இருப்போம்.

எங்கள் நிறுத்தத்தில் நாங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம். எத்தனை மணிக்கு வண்டி வந்தது, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றோம், யாருக்கு எங்கே போக வேண்டும் என்று மாற்றி மாற்றி எழுதுகிறோம். அக்காவுக்கு எழுத வராது, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். முதல் நோட்டு முடிந்து இரண்டாவது ஓடுகிறது. கூட்டம் எந்த இடம், என்ன தேதி என்று தங்கள் இதழில் முன்கூட்டியே அறிவித்தால் இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரும்பாக்கம், சென்னை.