முதல் பாடத்துக்கு முன் ஒரு மூக்குக்கண்ணாடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாள். அன்று பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்து ஊர்வலம் போவார்கள், கோலப்போட்டி நடக்கும், உறுதிமொழி எடுப்பார்கள். எல்லாம் நல்லவையே. அந்த ஒரு நாளில் ஊர்தோறும் இன்னும் ஒரு காரியம் நடக்க வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். படிக்க வரும் பெரியவர்களின் கண்ணை அன்று பரிசோதித்து, தேவையானவர்களுக்குக் கண்ணாடி கொடுக்க வேண்டும்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. தையல் தொழில். 1991இல் எங்கள் மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுத் தையல் பழகிக்கொண்டிருந்தேன். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்திய இயக்கம் அது. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கல் உடைக்கும் பெண்கள் சைக்கிளில் வேலைக்குப் போவதை வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் அண்ணன் சைக்கிளில் முட்டி தேயப் பழகி, பக்கத்துக் குடியிருப்புக்குப் போய் இரவு ஏழு மணிக்கு மேல் பாடம் சொல்லிக்கொடுத்தேன். 'அனா ஆவன்னா' என்று ஆரம்பிக்காமல் 'பட்டா', 'படி' என்று வாழ்க்கைக்கு வேண்டிய சொல்லிலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டும் பாடம். கோயில் திண்ணையில் ஓர் அரிக்கன் விளக்கு, அதைச் சுற்றிப் பத்துப் பேர்.

அந்தப் பத்துப் பேரில் ஒருவரை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். வயது நாற்பத்தைந்து இருக்கும். நாற்று நடவில் அவர் கைக்கு வேறு கை கிடையாது; பாட்டெடுத்தால் வயல் முழுக்கக் கேட்கும். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் கையை முழுக்க நீட்டிப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, விளக்கை விட்டுத் தள்ளித் தள்ளிப் போவார். "எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது பாப்பா. என் மண்டையில் இது ஏறாது" என்பார். பன்னிரண்டு நாள் வந்தார். பிறகு வரவில்லை. நான் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'விருப்பம் இல்லை' என்று எழுதினேன். எனக்கு வயது இருபது. அவர் சோம்பல்படுகிறார் என்றே நினைத்தேன்.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, படிக்காத பெரியவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து மறுபடி சாக்பீஸ் பிடித்தபோதுதான் அந்த இரண்டு சொற்கள் எவ்வளவு பெரிய தவறு என்று எனக்குப் புரிந்தது.

இந்த முறை என் வகுப்பில் பதினான்கு பேர். ஒருவரைத் தவிர எல்லோரும் பெண்கள், பதினோரு பேர் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். நூறு நாள் வேலையை முடித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, உலை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்காருவார்கள். அவர்களில் அறுபதைத் தாண்டிய ஓர் அத்தை இருந்தார். கரும்பலகையில் 'மரம்' என்று எழுதினால் கடைசி பெஞ்சிலிருந்து கணீரென்று படிப்பார். அதே 'மரம்' புத்தகத்தில் இருந்தால் திணறுவார். 'ன'வும் 'ண'வும் அவருக்கு ஒன்றாகவே தெரிந்தன. புள்ளி வைத்த எழுத்துகளில் புள்ளியே தெரியவில்லை. ஒரு வாரம் நான் அதைக் கவனக்குறைவு என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பேச்சுவாக்கில், "ரவிக்கைக்குக் கொக்கி தைக்க வேண்டும், ஊசியில் நூல் கோக்கப் பேத்தி பள்ளியிலிருந்து வரவேண்டும்" என்றார். தையல்காரிக்கு அது போதும். என் வாடிக்கைக்காரப் பெண்கள் நாற்பது நாற்பத்தைந்தில் சொல்லும் வாசகம் அது. எனக்கே அப்படித்தான் தொடங்கியது. என் கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கில் மாட்டிவிட்டேன்.

அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. முதலில் தன் உள்ளங்கையைப் பார்த்தார். விரித்து, மடக்கி, மறுபடி விரித்துப் பார்த்தார். "என் கையில் இத்தனை கோடு இருக்கிறதா!" என்றார். கதிர் அறுத்த தழும்பு ஒன்றை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தார். அதன் பிறகு புத்தகத்தை எடுத்து, 'கிணறு' என்பதை எழுத்துக் கூட்டிப் படித்தார். வகுப்பில் யாரும் பேசவில்லை. அடுத்து என் கண்ணாடி ஒவ்வொருவர் மூக்குக்கும் போய் வந்தது.

இந்தக் குறைக்குத் தமிழில் எவ்வளவு பொருத்தமான பெயர் இருக்கிறது பாருங்கள்: வெள்ளெழுத்து. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சாளேசரம் என்பார்கள். எழுத்து வெளுத்துப்போகிறது என்று எழுத்தை வைத்தே பெயரிட்டிருக்கிறார்கள். நாற்பது வயதை ஒட்டி அநேகமாக எல்லோருக்கும் வருவது இது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகிப்போவதால் கிட்டத்தில் இருப்பது மங்குகிறது. தூரத்தில் இருப்பது பழையபடி தெரிகிறது. அதனால்தான் கரும்பலகை தெரிந்தது, புத்தகம் தெரியவில்லை. படித்தவருக்கு இது வந்தால் செய்தித்தாள் காட்டிக்கொடுத்துவிடும், மறுநாளே கடைக்குப் போய்விடுவார். படிக்காதவருக்கு யார் சொல்வது? வாழ்க்கையில் முதன்முதலாகப் புத்தகத்தைத் திறக்கும்போதுதான் அவர் அந்த மங்கலைச் சந்திக்கிறார். எழுத்து என்றாலே இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொள்கிறார். தனக்கு அறிவு போதாது என்று முடிவு கட்டிவிடுகிறார். என் பெரியம்மா அப்படித்தான் எழுந்து போனார்.

கீரனூர் கடைவீதியில் 120 ரூபாய் வீதம் ஒன்பது கண்ணாடி வாங்கினோம். நான் பாதி போட்டேன், மீதியை அவர்களே கூலியிலிருந்து கொடுத்தார்கள். அந்த ஒன்பது பேரும் கடைசிவரை வந்தார்கள். மீதி இரண்டு பேருக்கு எந்தக் கண்ணாடியும் உதவவில்லை. அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம், கண்புரை என்றார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. கடையில் வாங்கி மாட்டுவது போதாது, கண்ணைப் பற்றித் தெரிந்தவர்கள் பரிசோதிக்க வேண்டும் என்பதை அப்போதுதான் கற்றேன். சர்க்கரை நோயால் கண் கெடுபவர்களுக்குத் தாமதம் ஆபத்து. நான் கடைவீதிக் கண்ணாடியை நம்பி இன்னும் ஒரு மாதம் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

கண்ணாடியின் பயன் வகுப்போடு நிற்பதும் இல்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க உதவும் கண்ணாடி கொடுத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த கொழுந்து ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருந்தது. அரிசியில் கல் பொறுக்கவும், மாத்திரை அட்டையில் தேதி பார்க்கவும், பேரப்பிள்ளையின் தலையில் பேன் பார்க்கவும் அதே கண்தானே வேண்டும்.

நம் மாநிலத்துக்கு இது புதிய வேலையும் அல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதித்து இலவசக் கண்ணாடி கொடுக்கும் 'கண்ணொளி காப்போம்' திட்டம் இருக்கிறது. மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்து முகாம் என்றால் என்ன என்பதை நாட்டுக்கே காட்டியது. பிள்ளைக்குக் கிடைக்கும் அந்தக் கண்ணாடி, அதே வகுப்பறையில் மாலையில் வந்து உட்காரும் பாட்டிக்கும் கிடைக்க வேண்டும். எழுத்தறிவுத் திட்டத்தில் பெயர் பதியும் நாளிலேயே கண்ணையும் பார்த்துவிட்டால், பாடம் நடத்தும் 200 மணி நேரமும் வீணாகாது. தன்னார்வலர்களுக்குத் தரும் பயிற்சியில் இதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். கரும்பலகை தெரிந்து புத்தகம் தெரியாமல் ஒருவர் திணறினால் என்ன அர்த்தம் என்பதை இருபது வயதுப் பிள்ளைக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன். படிப்பு, எழுத்து, கணக்கு என்று 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியதும் எங்கள் ஊரில் வகுப்பு முடிந்தது. அத்தைக்கு அப்போது எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டுமே வந்திருந்தது. கைவிட்டால் ஆறு மாதத்தில் மறந்துபோகும். அறிவொளிக்குப் பிறகு இதற்காகவே வளர்கல்வி மையங்கள் இருந்தன. நானும் அங்கே கதைப் புத்தகம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவை இப்போது இல்லை. வாரத்தில் ஒரு நாள் மாலையாவது வகுப்பறையைத் திறந்து வைத்து, பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறு கதைகள், விவசாயக் குறிப்புகள் நாலைந்து இருந்தால் அவர்கள் வருவார்கள். நாங்கள் இப்போது வெள்ளிக்கிழமைகளில் என் தையல் கடையில் கூடுகிறோம். ஒருவர் செய்தித்தாள் தலைப்புகளை உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்கிறோம். உங்கள் நாளிதழின் தலைப்பு எழுத்துகளைக் கண்ணாடி இல்லாமலே படித்துவிடுகிறார்கள். கீழே இருக்கும் செய்திக்குத்தான் கண்ணாடி வேண்டும்.

என் பெரியம்மா காலமாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. ரேஷன் கடையில் கடைசிவரை கைநாட்டுத்தான் வைத்தார்.

செப்டம்பர் 8 அன்று முகாம் நடத்த ஆட்சியரும் மக்கள் நல்வாழ்வுத் துறையினரும் ஏற்பாடு செய்தால், பந்தலும் மேடையும் தேவையில்லை. பள்ளிக்கூட வராந்தாவும் வெளிச்சமும் போதும். ஆட்களைத் திரட்டி வரும் பொறுப்பை என் போன்றவர்கள் ஏற்றுக்கொள்கிறோம். அடுத்த வகுப்பில் சேர எங்கள் ஊரில் இருபது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தன்னார்வலர் ஒருவர்,
கீரனூர் அருகில், புதுக்கோட்டை மாவட்டம்.