தம்பிக்கு, கோண்டாவிலிலிருந்து

அன்புள்ள தம்பி,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் சுகம். நேற்று நீ அம்மாவோடு கதைத்ததை அவள் சொன்னாள். ரொறன்ரோவில் நீ பழகும் பிள்ளைக்கு முதல் ஒரு கலியாணம் பேசி, மோதிரம் மாற்றின பிறகு குழம்பிப்போனதாம். அதனால் யோசிக்கிறாயாம். வீடு வாங்காமல் கலியாணம் கேட்க வெட்கம் என்றும் சொன்னாயாம். இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை.

உனக்கும் ஒருத்தி இருந்தாளே, தம்பி. யாழ்ப்பாணம் திருநெல்வேலி கம்பஸில் உன்னோடு படித்த பிள்ளை. அக்காவின் காரியம் முடியமுதல் உனக்கென்ன அவசரம் என்று அதைக் கலைத்தது நான். வீட்டையும் மூன்று பரப்புக் காணியையும் அக்காவுக்கு எழுதினோம். காசுச் சீதனத்துக்கு நீ கனடாவில் இரண்டு வேலை செய்தாய். ஆம்பிளைப்பிள்ளை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உன் மனம் என்ன பாடுபட்டது என்று ஒருநாளும் கேட்கவில்லை. அந்த வெட்கத்தையும் நான்தான் உனக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பினேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு உனக்கு இரண்டு வயது. ஆமி வருகுதென்று எங்கள் வலிகாமப் பகுதிச் சனமே வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தில் நெருக்குண்டு நின்றது. நல்ல மழை. சைக்கிள் கரியரில் ஆச்சி, தோளில் நீ. ஆச்சி தண்ணீர் கேட்டார். குடையை மல்லாத்திப் பிடித்து, விழுந்த மழைத்தண்ணியைக் கொடுத்தேன். பத்தாம் நாள் சாவகச்சேரியில் ஆச்சி போய்விட்டார். நான் அழவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு, கிணற்றுக்குள் வாளியைத் தொம்மென்று விட்டு, அந்தச் சத்தத்தோடு அழுவேன். அம்மாவிடம் ஒரு சொல் சொன்னதில்லை. அவளில் எரிந்து விழுந்ததுதான் மிச்சம்.

எட்டு வயதில் உன் நாய்க்குட்டி செத்து நீ அழுதபோது, "என்ன பொம்பிளை மாதிரி" என்று அதட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு விக்கினாய். அது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

போன மாசம்தான் கிணற்றடிக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். "எனக்குத் தெரியும். கிணற்றுக்கட்டில் துவாயை வைத்துவிட்டுப் போனது ஆர் என்று நினைச்சீங்கள்?" என்றாள்.

அந்தப் பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதே. அவளாகச் சொன்னால் கேள். கம்பஸ் கதையை நீயும் சொல்லு. கடன், வீடு எல்லாவற்றையும் சொல்லு. அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் பரவாயில்லை. ஆனால் நடந்து முடிந்த ஒன்றுக்காக அவளை விடாதே.

ஞாயிற்றுக்கிழமை எடு. இந்தமுறை போனை அம்மாவிடம் கொடுக்கமாட்டேன், நானே கதைக்கிறேன்.

அப்பா