பாட்டுப் புத்தகங்களைத் தேடி எடுத்து வை

சேலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை, நான் கடிதம் போடுவதில்லை. ஆக இருவர் மேலும் குற்றம் சரிசமம், சண்டை வேண்டாம். வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவனுக்கு ஈரோட்டுக்கு மாற்றல் ஆகிவிட்டது. மாம்பழம் ஏன் வரவில்லை என்று நீ ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன், இந்த வருஷம் நல்ல மல்கோவாவே கண்ணில் படவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய படங்களைத் திரட்டிப் போட்டுக் காட்டுகிற சிலர் இங்கே இருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ‘மந்திரி குமாரி’ போட்டார்கள். நம்ம ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் எடுத்த படம். முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, அந்தக் காலத்து நடிகைகளிடம் கண்ணியம் இருந்தது, கவர்ச்சி என்ற வியாதியெல்லாம் சில்க் ஸ்மிதா வந்த பிறகு வந்தது என்றார். நாலு பேர் கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, பாப்பா. அரை மணி நேரத்துக்கு முன்னால் இவர்கள் திரையில் எதைத்தான் பார்த்தார்கள்?

மாதுரி தேவியின் அமுதவல்லியை நினைத்துப் பார். மந்திரி மகள். ஒரு கொள்ளைக்காரனை ஆசைப்பட்டுக் கட்டிக்கொள்கிறாள். அவனுக்கு ராஜகுமாரி மேல் கண். மனைவியைத் தீர்த்துக்கட்டுவதற்காக ‘வாராய் நீ வாராய்’ என்று பாடிப் பாடி மலை உச்சிக்குக் கூட்டிப்போகிறான். (அந்தக் காட்சியை எடுத்தது ஏற்காட்டில்தான் என்று நம்மூரில் சொல்லாத ஆள் இல்லை.) சாவதற்கு முன் உன்னை மூன்று முறை வலம் வர வேண்டும் என்று கேட்டு, பின்பக்கம் போனதும் அவனையே பிடித்துத் தள்ளிவிடுகிறாள். குண்டலகேசிக் கதைதான். ஆசைப்படவும் தெரிந்தவள், ஏமாற்றியவனைத் தண்டிக்கவும் தெரிந்தவள். கடைசியில் அவளையும் சாகடித்துவிடுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே வருஷம், அதே மாதுரி தேவி, அதே எல்லிஸ் ஆர். டங்கன் டைரக்ஷனில் ‘பொன்முடி’. காதல் காட்சிகளில் நெருக்கம் மிஞ்சிப்போய்விட்டது என்று அன்றைக்கே கண்டித்தவர்கள் உண்டு. அதுவும் சேலத்தில் எடுத்த படம்தான். கண்ணியம் பேசிய பெரியவருக்கு இதெல்லாம் தெரியாதா, தெரிந்தே மறந்தாரா?

அதற்கும் முந்தி டி.ஆர்.ராஜகுமாரி. 1942-இல் இதே மாடர்ன் தியேட்டர்ஸ் ‘மனோன்மணி’யில் கதாநாயகி. 1944-இல் ‘ஹரிதாஸ்’ படத்தில் பாகவதரை மயக்குகிற தாசி. ‘மன்மத லீலையை வென்றார் உண்டோ’ பாட்டில் அவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, இன்றைக்கும் நேராக வந்து நம் மேல் விழுகிறது. 1948-இல் ‘சந்திரலேகா’வில் மறுபடி கதாநாயகி, முரசு மேல் ஏறி ஆடுகிறார். தாசியாக நடித்ததால் அவர் கதாநாயகி ஆக முடியாமல் போகவில்லை. கனவுக்கன்னி என்று ஊரே கொண்டாடியது. மோகமும் மரியாதையும் ஒரே முகத்தில் சேர்ந்து இருக்க முடிந்தது. நான் சொல்ல வருவது இதுதான், பாப்பா.

அப்புறம் வந்த வருஷங்களில் அந்த ஒருத்தியை வெட்டி இரண்டாக்கினார்கள். கதாநாயகி குத்துவிளக்கு ஏற்றுவாள், அழுவாள், காத்திருப்பாள். ஆசையைக் காட்ட வேண்டுமானால் வேறொருத்தி வர வேண்டும். 1958-இல் ‘உத்தம புத்திரன்’ படத்தின் ‘யாரடி நீ மோகினி’ ஆட்டத்துக்கு பம்பாயிலிருந்து ஹெலன் வந்தார். பிறகு ஜோதிலட்சுமி, விஜயலலிதா, ஜெயமாலினி. வில்லன் இடத்தில் ஆடுவாள், ஒரு ரகசியத்தைச் சொல்ல வாயெடுப்பாள், குண்டு பாயும். எத்தனை படத்தில் பார்த்தோம்! ஆட்டத்தைக் கடைசி நொடி வரைக்கும் ரசித்துவிட்டு, அவள் செத்தால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கூட்டத்தில் நாமும்தானே உட்கார்ந்திருந்தோம்.

குரலையும் விட்டுவைக்கவில்லை. நாயகிக்கு சுசீலா, கிளப் ஆட்டக்காரிக்கு எல்.ஆர்.ஈஸ்வரி. இலங்கை வானொலியில் ‘பளிங்கினால் ஒரு மாளிகை’ வந்தால் பெரியத்தை ரேடியோவைத் திருகி அணைப்பார்களே, அடுத்த பாட்டு சுசீலா என்றால் மறுபடி போடுவார்களே! அதுவும் மாடர்ன் தியேட்டர்ஸ் படம்தான், 1966-இன் ‘வல்லவன் ஒருவன்’. ஈஸ்வரி அம்மாவின் குரலில் இருந்த துணிச்சலும் சிரிப்பும் அந்த வயதில் நமக்கு என்ன கொடுத்தன என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி வெட்கப்படாமல் சந்தோஷப்படலாம் என்று எனக்கு முதலில் சொன்னது அந்தக் குரல்தான். இதை நான் மேடையில் சொல்லத்தான் போகிறேன். பெரியத்தை இருந்திருந்தால் மைக்கையும் அணைத்திருப்பார்கள்.

1973-இல் ‘அரங்கேற்றம்’ வந்தபோது நம் வீடுகளில் நடந்த ரகளையை உனக்கு நினைவுபடுத்த வேண்டாம். குடும்பத்துக்குச் சோறு போட உடம்பை விற்கிற பிராமணப் பெண்ணாக பிரமிளா. 1977-இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’; அதற்காக லட்சுமிக்கு தேசிய விருது கிடைத்தது. இரண்டிலும் அந்தப் பெண்களை அழகு பொம்மையாக வைக்கவில்லை, அவர்கள் வாயைத் திறந்து பேசினார்கள். ஆனால் உடம்பு அங்கே காயமாகத்தான் வந்தது. இன்பமாக வந்தது என்றால், எனக்குத் தெரிந்து அது ஸ்மிதாவிடம்தான்.

1980-இல் ‘வண்டிச்சக்கரம்’. சாராயக் கடைப் பெண் சில்க். பாத்திரத்தின் பெயரே அவருக்குக் கடைசி வரை ஒட்டிக்கொண்டது. 1982-இல் ‘மூன்றாம் பிறை’. வயதான தலைமையாசிரியரின் இளம் மனைவி. எல்லோரும் ‘பொன்மேனி உருகுதே’ ஆட்டத்தைத்தான் பேசுகிறார்கள். நீ அந்தப் பெண்ணைப் பார். மலையூரில், பேச்சுத்துணை இல்லாத வீட்டில், தனக்குக் கிடைக்காததை மனசுக்குள்ளேயே ஆடிப் பார்க்கிறாள். அவள் பட்டினியைப் படம் முழுக்க ஒருவரும் பட்டினி என்று சொல்லவில்லை. ‘அலைகள் ஓய்வதில்லை’யில் தியாகராஜன் மனைவியாக, புடவையைப் போர்த்திக்கொண்டு, கண்ணாலேயே நடித்தாரே, அந்த மாதிரி வேடம் அவருக்கு எத்தனை கொடுத்தார்கள்? போஸ்டரில் அவர் படம் இருந்தால் போதும், படம் விற்றது. 1996 செப்டம்பரில் 35 வயதில் இறந்தபோது, அவரால் பிழைத்த தொழில் என்ன பதில் சொன்னது? நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. அவரை வியாதி என்று சொன்னால் நான் எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பேன்?

இருக்கவில்லை. எழுந்து பேசினேன். பேச்சு நீண்டது. நடத்துகிறவர்கள், “அடுத்த மாதம் நீங்களே பேசுங்கள் அம்மா” என்று தேதி குறித்துவிட்டார்கள்.

அதனால்தான் இந்த அவசரக் கடிதம். உன் தகரப் பெட்டியில் அந்தக் காலத்து சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றனவே, முறுக்கு டீச்சர் பறிமுதல் செய்து திருப்பிக் கொடுத்தவையும் சேர்த்து எல்லாவற்றையும் எடுத்து வை. அட்டையில் கதாநாயகி எங்கே நிற்கிறாள், ஆட்டக்காரியின் பெயர் எந்த வரிசையில் அச்சாகியிருக்கிறது என்று பக்கம் பக்கமாகக் காட்ட வேண்டும். பார்சலில் போடாதே, தாள் உதிர்ந்துவிடும். நீயே எடுத்துக்கொண்டு வா. வியாழக்கிழமை வந்தால் வெள்ளி காலையில் ஏற்காடு போய் அந்த உச்சியையும் தேடலாம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் உன் வாந்திக்கு எலுமிச்சம்பழம் நான் கொண்டுவருகிறேன். முழங்கால் வலி என்று சாக்கு சொன்னால் பேச்சில் உன் பெயரைச் சொல்லி, சில்க் போஸ்டரைப் புத்தகத்துக்கு அட்டை போட்டது யார் என்பதையும் சொல்லிவிடுவேன்.

என்றைக்கு வருகிறாய் என்று உடனே எழுது. இந்த முறையாவது போனை எடு.

அன்புடன்,
உன் சேலத்துக்காரி