ரேகை விழாதவர்களுக்கு மாற்று வழி கேட்டு ஒரு மனு

அனுப்புநர்
முதியோர் ஓய்வூதியம் பெறும் ஒரு பெண்மணியின் மகள்

பெறுநர்
அடையாளச் சரிபார்ப்புக்குப் பொறுப்பான உயர் அலுவலர் அவர்கள்

பொருள்: விரல்ரேகை பொருந்தாதபோது, அதே இடத்தில் அதே நாளில் வேறு வழியில் சரிபார்க்க உத்தரவிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் அம்மாவுக்கு 74 வயது. 30 வருடம் கட்டட வேலையில் சிமென்ட் கலவை அள்ளிய கை. ஓய்வூதியம் வாங்கப் போனால் பாதி மாதங்களில் ரேகை விழுவதில்லை. விரலைத் துடைத்து வைக்கிறார், ஈரப்படுத்தி வைக்கிறார், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைக்கிறார். போன மாதம் மூன்று நாள் அலைந்து, நான்காம் நாள்தான் விழுந்தது. அங்கே ரேகை வாங்கிப் பணம் கொடுப்பவருக்கு அம்மாவைப் பல வருடமாகத் தெரியும். "நீங்கதான்னு எனக்குத் தெரியுதும்மா, மெஷின் ஒத்துக்கலையே" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரிந்த ஒருவரை 'தெரியும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் இல்லையே என்பதுதான் என் குறை.

பதிவில் உள்ள ரேகையும் இப்போது வைத்த ரேகையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கருவி ஒரு மதிப்பெண் போடுகிறது. அது நாம் வைத்த வரம்பைத் தாண்டினால் 'சரி', தாண்டாவிட்டால் 'இல்லை'. வரம்பை உயர்த்தினால் ஆள்மாறாட்டம் குறையும். உண்மையான ஆளைத் திருப்பி அனுப்புவது கூடும். தாழ்த்தினால் இதற்கு நேர்மாறு. எங்கே வைப்பது என்று முடிவு செய்வது மனிதர்கள்தான். ஆகவே 'பொருந்தவில்லை' என்று வந்தால், அந்த ஆள் வேறு ஆள் என்று ஆகிவிடாது.

நூற்றுக்கு ஒருவர்தானே என்று தோன்றலாம். 1 லட்சம் பேர் விரல் வைத்தால் அது 1,000 பேர். அந்த ஆயிரம் பேரும் மாதாமாதம் புதிதாக வருகிறவர்கள் அல்லர் என்பதுதான் எனக்குப் பெரிய வேதனை. வயதால் தோல் வறண்டவர்கள், சிமென்டிலும் சோப்புத் தண்ணீரிலும் கை தேய்ந்தவர்கள், தோல் நோய் உள்ளவர்கள் என்று திரும்பத் திரும்ப அவர்களே மாட்டுகிறார்கள். கேபசிடாபின் என்ற புற்றுநோய் மருந்தால் ரேகை மறைந்துபோன சிங்கப்பூர்க்காரர் ஒருவரை அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்திவைத்தது 2009-இல் மருத்துவ இதழிலேயே வந்தது. முகத்தைப் பார்க்கும் கருவிக்கு மாறினாலும் பிழை தீராது; அங்கே வேறு வகைப் பிழை வரும், அதுவும் சிலர் மேலேயே கூடுதலாக விழும். அமெரிக்க அரசின் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் (NIST) 2019-இல் சோதித்த பல மென்பொருள்கள், ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளியினரில் ஒருவரை இன்னொருவராகத் தவறாகப் பொருத்தின. வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் அந்தத் தவறு 10 முதல் 100 மடங்கு வரை கூடுதல்.

எனவே, இரண்டு முறை ரேகை விழாவிட்டால் அதற்கு மேல் வற்புறுத்தாமல், கருவிழியைப் பார்த்தோ, அதுவும் முடியாவிட்டால் புகைப்பட அட்டையைப் பார்த்தோ அங்கிருப்பவரே உறுதி செய்து, அன்றே பணம் வழங்க உத்தரவிட வேண்டுகிறேன். மோசடி நடக்குமோ என்ற உங்கள் அச்சம் புரிகிறது. அப்படி வழங்கியதைத் தனிப் பதிவேட்டில் எழுதி, அப்புறம் தணிக்கை செய்யுங்கள்.

இன்னொன்று. ரேகை விழாமல் திருப்பி அனுப்பும்போது தேதி, நேரத்தோடு ஒரு சீட்டு கொடுக்கச் சொல்லுங்கள். இப்போது அம்மா அங்கே போனதற்கே அத்தாட்சி இல்லை. போகவே இல்லை என்று யாராவது சொன்னால் எதைக் காட்டுவது? அந்தச் சீட்டுகளை வயதுவாரியாகவும் தொழில்வாரியாகவும் எண்ணி வெளியிட்டால், பிழை யார் மேல் விழுகிறது என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும்.

அம்மா அடுத்த மாதம் 5-ஆம் தேதி மறுபடி விரல் வைக்கப் போக வேண்டும். அதற்குள் தங்கள் உத்தரவு வந்துவிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்