இளைப்பாற்றி நமக்குப் புதிய சொல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் நகரின் தேவாலயம் ஒன்றில் அண்மையில் பிரெஞ்சு இசையமைப்பாளர் கேப்ரியல் ஃபோரேயின் 'ரெக்குவியம்' முழு இசைக்குழுவோடும் பாடகர் குழுவோடும் நிகழ்த்தப்பட்டதைப் பற்றித் தங்கள் நாளிதழில் எழுதியிருந்த வாசகர் ஒருவர், இறந்தவர்களுக்கான லத்தீன் பூசையைக் கச்சேரியாகக் கேட்பதால் புதுச்சேரித் தமிழனுக்கு என்ன கிடைக்கும் என்று வினவியிருந்தார். அன்று மூன்றாம் வரிசையில் அமர்ந்து கேட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அவருடைய கேள்வியை நான் தவறென்று சொல்ல மாட்டேன். வாசலில் எங்கள் கையில் கொடுக்கப்பட்ட தாளில் பாடல் வரிகளின் பொருள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டிருந்தது. தமிழில் ஒரு வரி கூட இல்லை. பொருள் தெரியாதவருக்கு அது அந்நியமாகத்தான் ஒலித்திருக்கும்.

ஆனால் அந்த வரிகள் கத்தோலிக்கரான நம் வாயில் தினமும் புழங்குபவை. 'ரெக்குவியம்' என்றால் இளைப்பாற்றி. "நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே, முடிவில்லாத ஒளி இவர்கள்மேல் ஒளிர்வதாக" என்று கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று உப்பளம் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நாம் சொல்லும் செபமே ஃபோரேயின் முதல் பாடல். அடுத்து வருபவையும் 'ஆண்டவரே இரக்கமாயிரும்', 'தூயவர் தூயவர்', 'இறைவனின் செம்மறியே' என்று ஞாயிறுதோறும் நாம் சொல்லுகிறவைதாம். செம்மறிப் பாடலின் நடுவே இசை திடீரென்று அடங்கி, தொடக்கத்தில் கேட்ட அதே இளைப்பாற்றி வரி மீண்டும் எழும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இசையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். மற்ற இசையமைப்பாளர்கள் பலர் எக்காளமும் முரசும் முழங்க விரித்துப் பாடிய கடைசித் தீர்ப்பு நாளின் நீண்ட பாடலை ஃபோரே ஏறக்குறைய முழுவதும் விட்டுவிட்டார்; அதன் கடைசி இரு வரிகளை மட்டும் எடுத்து, 'இரக்கமுள்ள இயேசுவே' என்று ஒரே ஒரு மேல்குரலுக்குக் கொடுத்திருக்கிறார். கூடவே வயலின்களைப் பெரும்பாலும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அவற்றிலும் தணிந்த குரலுடைய வியோலாக்களையும் செல்லோக்களையும் முன்னால் வைத்திருப்பதால், அந்த முப்பத்தைந்து நிமிடமும் துக்க வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதைப் போல இருந்தது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சிலர் கை தட்டியதுதான் காதில் இடறியது. கைதட்டலுக்கு நின்று கொடுக்கும் இசை அல்ல இது.

கச்சேரியா, பூசையா என்ற ஐயத்துக்கும் இதன் வரலாறே விடை சொல்கிறது. 1888-ல் பாரிசின் மதலேன் தேவாலயத்தில், ஃபோரே பாடகர் குழுவை நடத்திவந்த இடத்திலேயே, ஓர் இரங்கல் திருப்பலியில்தான் இது முதன்முதலில் பாடப்பட்டது. அன்று அந்த மேல்குரலைப் பாடியவன் ஒரு சிறுவன். பெரிய இசைக்குழுவுக்கான வடிவம் 1900-ல்தான் அரங்கேறியது. 1924-ல் ஃபோரே இறந்தபோது அதே மதலேனில் அவருடைய அடக்கத்திலும் இதையே பாடினார்கள்.

எனக்கு வயது எழுபத்தெட்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு, பூசை முழுவதும் லத்தீனில் நடந்த நாட்களில், கோவில் பாடகர் குழுவில் நின்ற சிறுவர்களில் நானும் ஒருவன். இறந்தவர்களுக்கான பூசையில் கறுப்பு உடை தரித்த சாமியாரும், நடுக்கோவிலில் கறுப்புத் துணி போர்த்தி வைத்த வெறும் பெட்டியும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. பொருள் தெரியாமலேயே பாடினோம். தமிழில் திருப்பலி வந்த பிறகுதான் இத்தனை காலம் என்ன பாடினோம் என்பதே எங்களில் பலருக்குத் தெரிந்தது.

அன்று என்னோடு வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மாள் பாதியில், "என்னண்ணே பாடுறாங்க?" என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து அதட்டல் வரும் வரை காதோடு காதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உடலைக் கோவிலிலிருந்து எடுத்துச் செல்லும்போது பாடும் கடைசிப் பாடலில், "ஒருகாலத்தில் ஏழையாயிருந்த லாசருவோடு உமக்கு நித்திய இளைப்பாற்றி கிடைப்பதாக" என்று வரும். ரெக்குவியம் என்ற சொல்லில் தொடங்கிய படைப்பு அதே சொல்லில்தான் முடிகிறது. இதை மட்டும் சொல்லிவிடலாமென்று மறுபடி குனிந்தேன். அதைக் கேட்டதும் அவர் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். சென்ற ஆண்டு கணவரை இழந்தவர்.

ஆகவே அடுத்த முறை இப்படி ஒரு நிகழ்ச்சி நடத்துகிறவர்கள், பொருள் அச்சிடும் தாளில் பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் பக்கத்தில் தமிழையும் சேர்க்க வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். புதிதாக மொழிபெயர்க்க வேண்டியது மிகக் குறைவு. பெரும்பகுதி நம் செபப் புத்தகத்திலும் திருப்பலி நூலிலும் ஏற்கெனவே இருக்கிறது. வேண்டுமானால் நானே எழுதிக் கொடுக்கவும் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உப்பளம், புதுச்சேரி